அக்காவின் அம்பாசடரும் என் விண்ணப்பமும்

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிறர் கொண்டுவரும் விண்ணப்பத்தில் ஒரு குறையாவது கண்டுபிடிக்காவிட்டால் அன்று எனக்குச் சாப்பாடு இறங்காது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். பண்ணைப்புரத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கார் வாங்கினாள். இரண்டில் எது பெரிய குற்றம் என்று உறவுக்காரர்கள் கடைசிவரை முடிவுக்கு வரவில்லை. வெள்ளை அம்பாசடர். ஸ்டியரிங்குக்குக் கீழே கியர் வைத்த பழைய மாடல், முன்பக்கம் பஸ் போல ஒரே நீள சீட். குமுளி மலைப்பாதையில் லாரிக்காரர்களை ஓரங்கட்டச் சொல்லி ஹாரன் அடித்துக்கொண்டு போவாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின் எங்கள் தோப்பில் ஒரு தகரக் கொட்டகையில் அதை நிறுத்தினாள். பதினேழு வருடம் அது அங்கேயே நின்றது.

போன வருடம் ஒரு நாள் சொன்னாள்: “ஏலே, அந்தக் காரை எடுக்கணும்டா.”

“வித்துரலாமா?”

“ஓட்டணும்டா. ஒரே ஒரு தடவை. நாந்தான் ஓட்டணும், நீ இல்ல.”

சர்க்கரை நோயில் அவள் பாதங்கள் மரத்துக்கொண்டே வந்தன. காலுக்கு அடியில் பெடல் இருப்பது தெரிகிறவரைதான் ஓட்ட முடியும். அதற்குள் ஓட்டிவிட வேண்டும் என்பது அவள் ஆசை.

அல்லிநகரத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். இறுகிப்போன என்ஜினில் பிளக்குகளைக் கழற்றி எண்ணெய் ஊற்றி மூன்று நாள் ஊறவிட்டார். ஏர் ஃபில்டரில் எலி குடும்பம் நடத்தியிருந்தது. டாங்கிலிருந்து வடித்த பெட்ரோல் வார்னிஷ் போல நாறியது. பிரேக், டயர், பாட்டரி என்று ஒவ்வொன்றாக மாற்றும்போது அவர் வாய் ஓயவில்லை.

“டீச்சர் ஒருக்க என் ஸ்கூட்டரை ஒரசிட்டாக சார். எறங்கி வந்து என்னையே திட்டிட்டுப் போனாக.”

பன்னிரண்டாம் நாள் என்ஜின் உறுமியது. கொட்டகை முழுக்க நீலப் புகை. இடது காலில் சின்னக் கட்டோடு நின்றிருந்த அக்கா கதவைப் பிடித்துவிட்டாள். செருப்பு கடித்த புண் என்று சொல்லியிருந்தாள்.

“தள்ளு, ஏறுறேன்.”

நான் சாவியை உருவிக்கொண்டேன். “இருக்கா. பதிவு காலாவதி ஆயிருச்சு. இன்சூரன்ஸ் இல்ல. புகைச் சான்று இல்ல.”

“தோப்பை ஒரு சுத்து சுத்திட்டு நிறுத்தப் போறேன்டா.”

“எதுக்கும் ஒரு முறை இருக்குல்ல?”

“ஒன்னையப் பெத்தப்பவே ஆத்தா ரப்பர் ஸ்டாம்போடதான் பெத்துருக்கா” என்றாள். மெக்கானிக் சிரித்தார். நானும் சிரித்தேன். சாவியைக் கொடுக்கவில்லை.

மறுபதிவு வேலை தொடங்கியது. தேனி தனி மாவட்டம் ஆவதற்கு முன் வாங்கிய வண்டி; மதுரையில் பழைய பதிவேட்டைப் பார்க்க வேண்டும். அது முடிந்து, வண்டியின் சேஸிஸ் எண்மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த நகலோடு அலுவலகம் போனேன். அங்கிருந்தவர் என்னிடம் வேலை கற்றவர். ஒரு எண் லேசாகக் கலங்கியிருந்ததை நானே அவருக்குக் காட்டினேன்.

“இது போதும் சார், குடுங்க.”

“மூணா எட்டான்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பான்.”

எவனும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் என் விண்ணப்பத்தை நானே திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். துருவைச் சுரண்டி மறுபடி நகல் எடுத்து, மறுபடி வரிசையில் நின்று, ஆய்வுக்கு நாள் வாங்குவதற்குள் மேலும் மூன்று வாரம் போயிற்று.

அதற்குள் அக்காவின் பாதம் கறுத்துவிட்டது. வலி தெரியாததால் அவள் பொருட்படுத்தவில்லை. கட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நானும் பொருட்படுத்தவில்லை. தேனியில் மருத்துவமனையில் சேர்த்த மறுநாள் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவள் வீட்டுக்கு வந்த வாரமே பதிவுச் சான்று தபாலில் வந்தது. ஒரு பிழை இல்லை. கிளட்சை மிதிக்கத்தான் கால் இல்லை.

மூன்று மாதம் அவள் காரைப் பற்றிப் பேசவில்லை. பிறகு ஒரு காலையில் சக்கர நாற்காலியைக் கொட்டகைக்குத் தள்ளச் சொன்னாள். மெல்லத் தூக்கி ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தேன்.

“நீ இந்தப் பக்கம் ஏறி நெருங்கி உக்காரு. ஒன் வலது காலை நீட்டி கிளட்சை மிதி. மத்ததை நான் பாத்துக்கிறேன்.”

ஒரு வண்டியை இரண்டு பேர் ஓட்ட எந்தப் படிவமும் கிடையாது. ஏறி உட்கார்ந்தேன். முதல் தடவை என்ஜின் குலுங்கி அணைந்தது.

“விடுன்னா விடுடா. கையெழுத்துப் போடுற மாதிரி யோசிக்காத.”

அடுத்த தடவை வண்டி நகர்ந்தது. முதல் கியரிலேயே தென்னை வரிசையைத் தாண்டி வாய்க்கால் வரை போனோம். அவள் வாயைப் பார்த்தே நான் மிதித்தேன், விட்டேன். வாய்க்கால் ஓரத்தில் பிரேக் போட்டாள்.

“போதும்.”

“இன்னொரு சுத்து போவம்க்கா.”

“இல்லடா. ஓட்டுறது நீ. நான் சும்மா பிடிச்சுக்கிட்டு வாரேன்.”

கோபமில்லை. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் வேலிவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“இது நம்ம தோப்புதான? இதுக்குள்ள ஓட்ட பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் வேணுமா?”

சட்டம் பொது இடத்துக்குத்தான். எங்கள் வேலிக்குள் அல்ல. இதைப் புதிதாகச் சேரும் குமாஸ்தாக்களுக்கு நானே எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

“வேணாம்க்கா.”

“அன்னைக்கே தெரியுமா?”

காகிதம் முதலில், மற்றதெல்லாம் பிறகு என்று வாழ்ந்த பழக்கத்தை அவளிடம் எந்த வார்த்தையில் சொல்வது?

“தெரியும்.”

அவள் தலையசைத்தாள். சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தாள். “நாற்காலியைக் கொண்டா” என்றாள்.

கொட்டகைக்கு நடந்தேன். அன்று தண்ணீர் பாய்ச்சிய மண். நாற்காலியின் சக்கரம் புதைந்து புதைந்து நின்றது. அவளிடம் போய்ச் சேர வெகுநேரம் ஆயிற்று.