எழுதினதிலை மழை இல்லை

போன கிழமை என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தடித்த படக்கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் போட்டாள். நாஜிகளின் முகாமிலிருந்து உயிர் தப்பிய யூதப் பெண் ஒருத்தியின் கதை, பேத்தி படம் படமாய்க் கீறியதாம். "அப்பா, தொடாதைங்கோ, கறி பிரளும்," என்றாள். தொட்டேன். மணந்தும் பார்த்தேன். புத்தகத்தை மணந்து பார்ப்பவனை இந்த வீட்டில் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

மூக்கில் ஏறியது புது மை வாசம்தான். ஆனால் மனம் போய் நின்றது நீராவிக்குள். தொண்ணூறுகளின் நடுவில், மொன்றியலில் கோட்டுத் தைக்கிற ஒரு தொழிற்சாலையில் எனக்கு அயன் பண்ணும் வேலை. வெளியே மைனஸ் இருபத்தைந்து, உள்ளே பெனியன் நனைய வியர்வை. பக்கத்து மேசையில் மிரியம் என்ற ஐம்பது வயதுப் பெண் தைத்த கோட்டுகளைப் பிழை பார்ப்பாள். மத்தியானத்தில் என் புட்டுப் பெட்டியை எட்டிப் பார்த்து, "இன்றைக்கும் மரத்தூளா?" என்பாள். அவளுடைய தாயும் முகாமில் இருந்து தப்பியவர். அவள்தான் ஒருநாள் எனக்கு அப்படியொரு படக்கதையைத் தந்தாள். பிரெஞ்சில் நான் அப்போது நன்றி சொல்லும் 'மெர்சி'யைத் தாண்டாதவன். படம் என்றபடியால் தப்பினேன்.

அதில் ஒரு மகள் தாயிடம் கேட்டுக் கேட்டுக் கீறுகிறாள். தாய் ஒரு பக்கத்தில் பனிக்குள் ஐந்து நாள் நடந்தோம் என்கிறாள். இன்னொரு பக்கத்தில் எட்டு நாள். மகள் இரண்டையும் கீறியிருந்தாள். இதென்ன குழறுபடி என்று மிரியத்திடம் கேட்டேன்.

"பட்டவர்கள் அப்படித்தான், மாற்றி மாற்றிச் சொல்வார்கள்," என்றாள். "உன் அப்பாவிடமும் கேள். இருக்கும்போதே கேள்."

கேட்க எனக்கும் ஒன்று இருந்தது. அண்ணை எப்படிச் செத்தார்? நான் அப்போது கொழும்பில் சித்தி வீட்டில். அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஐயாவும் அண்ணையும் யாழ்ப்பாணத்திலிருந்து ஒன்றாகப் புறப்பட்டார்கள். ஐயா தனியாக வந்து சேர்ந்தார். "மூத்தவன் இல்லை," என்றார். அவ்வளவுதான். கனடா வந்து அகதிக் கேஸ் எழுதும்போதும் வாய் திறக்கவில்லை. எழுதிக்கொடுத்தவர் எங்கட ஆள்தான். பேனையைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, வேறு கேஸ்களில் எடுபட்ட கதை ஒன்றைத் தானே எழுதினார். காலை ஆறரை மணி, வீட்டு வாசல், மூன்று ஆமிக்காரர், வெடி. அதற்கு ஒரு தேதியும் வேண்டுமே? ஐயாவுக்குத் தேதி மனதில் நிற்காது. "பொங்கலுக்கு அடுத்த நாள் எண்டு போடுங்கோ, மறக்கமாட்டார்," என்று சொன்னவன் நான். கெட்டிக்காரன் என்று எழுதினவர் என் முதுகில் தட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, நாசமாய்ப் போக.

விசாரணைக்கு முன் இரண்டு கிழமை, எங்கள் குசினியில் நான்தான் நீதவான். கரண்டியால் மேசையில் தட்டுவேன். ஐயா பள்ளிப்பிள்ளைபோலக் கைகட்டி நின்று ஒப்புவிப்பார். ஒருநாள் பாதியில் நின்றுவிட்டார்.

"தம்பி, அண்டைக்கு நல்ல மழை. மூத்தவன் செருப்பைக் கழட்டி என்ரை கையிலை தந்திட்டு…"

"ஐயா! எழுதினதிலை மழை இல்லை. முதலிலை இருந்து சொல்லுங்கோ."

முதலிலிருந்து சொன்னார். கேஸும் பாஸ்.

மிரியத்தின் புத்தகத்தை வாசித்த பிறகு கொப்பியும் பென்சிலும் வாங்கினேன். நான் கீறினால் மாடு நாலுகால் கதிரைபோல வரும், அதை விடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் இருந்தேன்.

"இனி ஒரு பயமுமில்லை ஐயா. எங்களை ஆரும் திருப்பி அனுப்பேலாது. அண்ணைக்கு என்ன நடந்தது?"

கத்தியை வைத்தார். எழும்பி நின்று கையைக் கட்டினார். "காலமை ஆறரை மணி. மூண்டு ஆமி வந்தவை…"

"அது இல்லை. மழை எண்டியள். செருப்பு எண்டியள்."

"மழையோ?" என்னை நேரே பார்த்தார். "எழுதினதிலை மழை இல்லைத் தம்பி."

பயத்தில் சொன்னாரா, மெய்யாகவே மறந்துபோனாரா? கடவுளுக்குத்தான் வெளிச்சம். கெஞ்சிக் கேட்டேன், கோபித்துக் கேட்டேன், பிராந்தி வார்த்துக் கொடுத்தும் கேட்டேன். ஆறரை ஒருநாளும் ஆறேமுக்கால் ஆகவில்லை. மிரியம் சாப்பாட்டு நேரத்தில் "சொன்னாரா?" என்று விசாரித்தபோது, சொன்னார் என்று பொய் சொல்லிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் சந்தோஷப்பட்டாள்.

ஐயா போய்ப் பல வருடம். அந்தத் தொழிற்சாலையும் இல்லை, மிரியம் எங்கே என்றும் தெரியாது. ஐயா இருந்த காலத்தில், அண்ணையின் திவசத்துக்குக் கோயில் ஐயர் செத்த நாளைக் கேட்டபோது, ஐயா கேஸில் இருந்த நாளைத்தான் சொன்னார். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டித் திதி எழுதித் தந்தார். இப்போது திவசம் செய்பவன் நான். ஒவ்வொரு வருடமும் பொங்கலை ஒட்டி, பனிக்குள் டொலார்ட் பக்கம் உள்ள கோயிலுக்குக் காரோட்டிப் போய், நான் தெரிவு செய்து கொடுத்த நாளில் அண்ணைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறேன். அவர் செத்த நாளை அறிந்த ஒருவரும் இந்த உலகத்தில் இல்லை.