எந்தத் தோட்டம்ங்க?

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு முஸ்லிம் நானா இன்டர்நெட் கடை வைத்திருந்தார். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். நானும் அம்மாவும் ஹாலிஎலயில் நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு விற்றோம். கடைக்காரர்கள் வாங்கி மூலையில் வைப்பார்கள், தூசி படிந்ததும் திருப்பித் தருவார்கள். “வெளியூருல இருக்கிற ஒங்க ஆளுங்ககிட்ட சொல்லிப் பாருங்களேன்” என்று நானாதான் என்னைத் தேயிலைத் தோட்டத்து மலையகத்தார் கூடும் ஓர் இணையக் குழுவில் சேர்த்துவிட்டார்.

அங்கே யாரும் முதலில் பெயர் கேட்பதில்லை. “எந்தத் தோட்டம்ங்க?” என்பார்கள். தோட்டம் ஒன்றாகிவிட்டால் அதற்குமேல் விசாரணை கிடையாது, அக்கா தங்கச்சிதான். எடுத்த எடுப்பில் ஊறுகாயைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. கொழும்பிலும் கனடாவிலும் இருப்பவர்கள் தங்கள் பழைய லயத்து வரிசை வீடுகளைப் பார்க்க ஆசைப்படுவார்கள். பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கிப் போய்ப் படமெடுத்துப் போடுவேன். அப்புறம்தான் “நீங்க என்ன செய்றீங்க தங்கச்சி?” என்று கேட்டார்கள். ஓடர் வரத் தொடங்கியது. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

கொழும்பிலிருந்த ஓர் அக்கா, நான் பிறந்த மடுல்சீமைத் தோட்டமே தனக்கும் என்றாள். சோதித்துப் பார்த்தேன். தண்ணீர் பிடிக்கும் பீலி எந்தப் பக்கம், கோயில் எந்த மேட்டில் என்று எல்லாம் சரியாகச் சொன்னாள். போதாதா? யார் யார் வாங்குகிறார்கள், வெயில் இல்லாத மாதத்தில் எப்படிக் காயவைக்கிறோம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா ஊறுகாய் கிளறும் படத்தையும் அனுப்பினேன்.

ஒரு சனிக்கிழமை குழுவைத் திறந்தால் அதே படம். “எங்க அம்மாவோட கைப்பக்குவம். ஓடர் எடுக்கிறோம்” என்று போட்டிருந்தாள் அக்கா. என் வாடிக்கைக்காரர்கள் வரிசையாக வாழ்த்தியிருந்தார்கள். “அது என் அம்மா” என்று கீழே எழுதினேன்.

“ஒரே தோட்டத்து ஆளுங்க, இதுக்குப் போய் சண்டை போடலாமா? விட்டுக்குடுங்க தங்கச்சி” என்றார்கள். மறுபடி எழுதினேன். குழுவிலிருந்தே தூக்கிவிட்டார்கள். அவள் தோட்டத்தைப் பற்றிப் பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு மனது ஆறியிருக்கும். விசாரித்துப் பார்த்தேன், அங்கே பிறந்தவள்தான்.

ஓடர் நின்றது. சில வாரம் கழித்து அவளே எனக்குப் போன் எடுத்தாள். “கோவமா தங்கச்சி? நான் போட்டது கசக்குதுன்னு சொல்றாங்க. நீயே போட்டு அனுப்பு, நான் வித்துக்கிறேன். நம்ம ஆளுங்கதானே.”

அவளைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் வீட்டில் நார்த்தங்காய் மூட்டை அழுகத் தொடங்கியிருந்தது, வாங்க வேறு ஆளில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தேன்.

போத்தல்களில் அம்மாவின் படத்தைத்தான் அவள் ஒட்டுகிறாள் என்று நானா மூலமாக அம்மாவின் காதுக்கும் எட்டியது. “என் படத்தப் போட்டா கொழும்புல விக்கிறாங்க?” என்று கேட்டு, முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். படத்துக்குக் கீழே யாருடைய அம்மா என்று போட்டிருக்கிறது என்பதை மட்டும் நான் அம்மாவிடம் சொல்லவில்லை.