கோட்டுக்குப் பின்னால் ஒரு வருஷம்

அந்த ஆளின் தூரிகை யார் பெயரைத் தொட்டாலும் வருஷத்துக்குள் அவர் காலி என்று பல்கலைக்கழகம் முழுக்கப் பேச்சு. பெரிய மண்டபத்தில் பேர்பெற்ற பழைய மாணவர்களுக்கு ஒரு பலகை, கொடையாளர்களுக்கு ஒரு பலகை. இரண்டிலும் இருபத்தாறு வருஷமாகப் பொன்னெழுத்து எழுதுகிறவர் அவர். கேன்டீன் அவருக்கு வைத்த பெயர் 'கடைசி வரி'.

பேச்சு நிஜந்தானா என்று கேன்டீன் கும்பல் ஒருநாள் பலகைகளையே எண்ணிப் பார்த்தது. உயிரோடு பெயர் ஏறியவர்கள் நாற்பத்தொரு பேர். வருஷம் திரும்புவதற்குள் போனவர்கள் ஒன்பது பேர். பகீரென்றது. வயதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது: ஒன்பதில் இளையவருக்கே எண்பத்து நாலு. ஒரு காலைக் குழிக்குள் வைத்தால்தான் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒருவருடைய பெருமை நினைவுக்கு வரும். தூரிகை என்ன செய்யும்?

கடைசி வரிக்கு இந்தக் கணக்கில் ஆறுதல் இல்லை. போன மாதம் ஒரு பல் டாக்டர், "கிளினிக்னு மட்டும் எழுதுங்கண்ணே, என் பேர வேற ஆள் எழுதட்டும்" என்று நைசாகக் கழற்றிவிட்டார். இன்னும் ஒரே ஒரு சாவு விழுந்தால் ஊரில் எவனும் தூரிகையைக் கையில் எடுக்க விடமாட்டான் என்று அவருக்கு நிச்சயம்.

இந்த லட்சணத்தில்தான் அது நடந்தது. எல்லா வரிக்கும் எண்களை ஒரே மூச்சில் எழுதிவிட்டு, அப்புறம்தான் பெயருக்குப் போவது அவர் வழக்கம்; அப்போதுதான் வரிசை கோணாது. பழைய மாணவர் பட்டியலில் பிறந்த வருஷம், இறந்த வருஷம். கொடையாளர் பட்டியலில் பிறந்த வருஷம், கொடை தந்த வருஷம். இரண்டையும் குமாஸ்தா ஒன்றாகச் சேர்த்துக் குத்தியிருந்தார்; அதில் ஒரு கொடை வருஷம் இறந்த வருஷம் போலக் கோட்டோடு பலகை ஏறிவிட்டது.

திறப்பு விழாவன்று காலையில் கண்ணாடியைத் துடைக்க வந்த கடைசி வரி பலகையைப் படித்தார். ஆணித் தொழிற்சாலை முதலாளியின் பெயருக்கு எதிரே பிறந்த வருஷம், ஒரு கோடு, அதன் பின்னால் இந்த வருஷம். நூலகம் கட்டப் பணம் தந்த மனிதர். பதினொரு மணிக்குப் பலகையைத் திறந்துவைக்க அவரே வரப்போகிறார்.

"யோவ், உயிரோட இருக்கறவரைக் கொன்னுட்டியேய்யா!" என்று பதிவாளர் பல்லைக் கடித்தார்.

"சுரண்டினா வார்னிஷோட வரும் சார். வரி முழுக்கப் பாழாயிடும்."

பதிவாளர் ஒரு பெரிய பூச்சாடியை இழுத்து வந்து அந்த வரிக்கு நேராக நிறுத்தினார். கடைசி வரி தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

எண்பத்தெட்டு வயது முதலாளி திரையை இழுத்தார். கைதட்டல் ஓயுமுன், "என் பேருக்கு முன்னால எதுக்குப் பூ?" என்று கைத்தடியால் சாடியைத் தள்ளினார். குனிந்து படித்தார்.

"யாருப்பா எழுதினது?"

தூண் விட்டுக்கொடுக்கவில்லை, பதிவாளரின் விரல் காட்டிக்கொடுத்தது.

"ஐயா... தப்பு என்மேலதான்..."

"அழிக்காத. வருஷம் முடிய இன்னும் அஞ்சு மாசம் கெடக்கு. உன் எழுத்து ஜெயிக்குதா நான் ஜெயிக்கறேனான்னு பாத்துருவோம். நான் ஜெயிச்சா நீ எனக்கு ஒரு டீ வாங்கித் தரணும்."

எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வரி மட்டும் அந்த வருஷத்தை மறுபடி ஒருமுறை படித்தார்.

அந்த ஐந்து மாதமும் பேப்பர் வந்ததும் இரங்கல் பக்கத்துக்குத்தான் போனார். "இந்த வீட்ல பேப்பர் வாங்கறதே செத்தவங்களுக்காகத்தானா?" என்றாள் மனைவி. முதலாளிக்குச் சளி என்று கேள்விப்பட்ட வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தொழிற்சாலை வாசலில் அந்தக் கறுப்புக் கார் நிற்கிறதா என்று சைக்கிளில் இரண்டு தெரு சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்.

வருஷம் ஒருவழியாகப் புரண்டது. முதலாளி புரளவில்லை. கடைசி வரி அந்த வரி முழுவதையும் சுரண்டிப் புதிதாக எழுதினார். இந்தமுறை கோடே போடவில்லை. வேலையைப் பார்க்க முதலாளியே வந்து நின்றார்.

"என்னப்பா, டீ எங்க?"

"பால் தீந்துடுச்சாம் ஐயா. நாளைக்குப் பாக்கலாம்."

அது மூன்று வருஷத்துக்கு முன்னால். ஒருமுறை பால் இல்லை, ஒருமுறை சில்லறை இல்லை, போன வாரம் கடையே இல்லை. "ஒரு டீக்கு இப்படியா, கஞ்சப்பயலே!" என்று முதலாளி திட்டிவிட்டுப் போகிறார். கடைசி வரி தலையைச் சொறிந்துகொள்கிறார். அந்தப் பாக்கி தீர்ந்த மறுநாள் பேப்பரைப் பிரிக்க அவருக்குத் தைரியம் கிடையாது.