மாலுமிகளின் பெயர் வெட்டிய கல்

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருடம் யோசித்தேன். கத்தோலிக்கரான நாங்கள் வேறு சபைக்காரரின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றினோம் என்றால் பங்குச் சுவாமி என்ன நினைப்பாரோ என்ற பயந்தான்.

என் அத்தான், அக்காவின் கணவர், மன்னாரில் கடலுக்குப் போனவர். திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் செயின்ட்-மிஷேல் பகுதியில் எங்களோடு இருந்த அக்கா பதினொரு வருடமாக அவருக்கு ஒரு பூசைகூட ஒப்புக்கொடுக்கவில்லை. கொடுத்தால், அவர் இறந்துவிட்டார் என்று தானே சொன்னதாகிவிடுமே.

பக்கத்து ஊரான லவாலுக்கு மெட்ரோ ரயில் திறக்க முந்திய வருடம், இறந்தோர் திருநாளன்று, நானும் மனைவியும் அக்காவும் மாமியாரின் கல்லறைக்குப் போனோம். நகரத்து மலையில் கத்தோலிக்கருக்கு ஒன்றும் புரட்டஸ்தாந்துக்காரருக்கு ஒன்றுமாக இரண்டு சேமக்காலைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நான் வாசல் மாறிப் புரட்டஸ்தாந்துக்காரரின் பக்கம் நுழைந்துவிட்டேன்.

"உங்கட மாமி எங்க கிடக்கிறா எண்டே தெரியேல்ல. இதில மருமகன் எண்டு பேர்," என்றாள் மனைவி.

நங்கூரம் செதுக்கிய உயரமான கல் ஒன்றின் முன் அக்கா நின்றுவிட்டார். இலை கூட்டிக்கொண்டிருந்த கிழவர் 'போன்ஜூர்' சொல்லி, அது யாருடையது என்று விளக்கினார். கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், வேலைசெய்யும் என் மனைவிக்குப் பிரெஞ்சு ஓடும். அவள் எங்களுக்குச் சொன்னாள்.

ஆங்கிலேயர் ஆண்ட காலத்துக் கப்பல் தலைவராம். பாய்க்கப்பலில் இந்த நகரத்து ஆற்றுக்கு வந்து, பிறகு கரையில் பண்டகசாலை வைத்துப் பெரிய வியாபாரியாகி, நகரசபைக்கே தலைவரானவராம். துறைமுகத்துக்குக் கல்லாலான கரைச்சுவர் கட்டுவித்தவரும் அவர்தானாம். ஆனால் அந்தப் பதவிகளில் ஒன்றுகூடக் கல்லில் இல்லை. உயிரோடிருக்கும்போதே தனக்குக் கல் நாட்டி, பின்புறத்தில் தன் முதல் கப்பலோடு கடலில் மூழ்கிப்போன ஒன்பது மாலுமிகளின் பெயர்களை வெட்டுவித்திருக்கிறார். வருடாவருடம் வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, அவற்றைச் சத்தமாக வாசிப்பாராம்.

ஊரே வணங்கிய மனிதர், கூலிக்கு வந்தவர்களின் பெயருக்கு முன் தலைகுனிந்து நின்றிருக்கிறார்.

அக்கா பின்புறம் போய் எழுத்துகளைத் தடவினார்.

"இவையளும் கிடைக்கேல்லயோ, மச்சாள்?"

"ஒருத்தரும் கிடைக்கேல்லயாம்," கிழவரைக் கேட்டுச் சொன்னாள் மனைவி.

"எண்டாலும் பேரை வாசிச்சிருக்கிறார்."

அக்கா, மாமியாருக்குக் கொண்டுவந்த மெழுகுதிரியை மனைவியிடம் வாங்கி அங்கேயே ஏற்றினார். வெகுநேரம் முழந்தாளில் இருந்து எழும்பியவர் என்னைப் பார்த்தார்.

"தம்பி, வாற ஞாயிறு பூசைக்கு அத்தான்ர பேரைக் குடுப்பம்."

கொடுத்தோம். பீடத்திலிருந்து சுவாமி அந்தப் பெயரை வாசித்தபோது அக்கா எழுந்து நின்றார். கூடவே நாங்களும் எழுந்தோம்.

கேட்பவர்களுக்கு இதை இப்படியே சொல்லுங்கள். புதுமை, அற்புதம் ஏதும் நடந்தது என்று யாரும் கூட்டிச் சொல்ல வேண்டாம். அக்கா அழுததாகவும் சொல்ல வேண்டாம். அன்றைக்கு அவர் அழவில்லை.