மூன்றாம் பக்கத்தில் சிரிக்க வேண்டும்

"புதன். பேப்பர் வந்தது. பியதாச கதை சொல்லவில்லை. மரியதாஸ் கொண்டு போனார். மழை இல்லை."

எழுபத்தேழாம் ஆண்டு ஆவணி மாதத்தில் நான் என் டயரியில் எழுதி வைத்த குறிப்பு இது. மழை பெய்ததா இல்லையா என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆனாலும் எழுதுவேன். அன்றைக்கு எழுதியிருக்க வேண்டியது வேறு எவ்வளவோ இருந்தது என்று இப்போது தெரிகிறது.

சென்ற மாதம் திரேசம்மா அக்காவின் முப்பத்தோராம் நாள் பூசைக்குப் போயிருந்தேன். மரியதாஸ் அண்ணை இறந்து பல வருடங்கள். இப்போது அவர் மனைவியும் போய்விட்டார். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு நின்றபோது அவர்களுடைய மகள் ஒரு பழைய பிஸ்கட் பெட்டியைக் கொண்டுவந்து தந்தாள். "அங்கிள், அம்மான்ர அலுமாரிக்குள்ள இருந்தது. உங்களுக்குத்தான் இதில விசர் எண்டு அம்மா சொல்லுறவ."

மூடியைத் திறந்ததும் நப்தலின் மணம். அதற்குள் நாலாய் மடித்த சிங்களச் சித்திரக்கதைப் பேப்பர் ஒன்று. கிழமைக்கொருமுறை கொழும்பிலிருந்து வருவது. தேதி அச்சிட்ட மூலை கிழிந்து போயிருந்தது. தேதிப் பைத்தியமான என் கைக்கு வேறெப்படி வரும்? முகப்பில் லாந்தரோடு நிற்கும் பெண்ணை நான் மறக்கவில்லை, அவளை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அந்தப் புதன்கிழமை வந்த பேப்பர் இதுதான்.

சிங்களத்தில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாத எங்களுக்கு இந்தப் பேப்பரோடு என்ன உறவு என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்குச் சற்றுப் பின்னால் போக வேண்டும்.

நான் முதன்முதல் பார்த்த கொமிக்ஸ் ஆங்கிலத்தில் இருந்தது. வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது கழித்துவிட்ட கடதாசிகளில் ஒரு கட்டை என் தகப்பனார் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு உறை போடக் கொண்டுவந்தார். கணக்குப் புத்தகத்துக்கு ஒரு குதிரைக்காரன், சமயப் புத்தகத்துக்கு ஒரு பிணம். சமயம் படிப்பித்த சிஸ்டர் அந்தப் பிணத்துக்காக என்னை முழங்காலில் நிறுத்தினார். எழுத்துத் தெரியாமல் படத்தை வைத்தே கதையைப் பிடிக்கும் வித்தை அப்போது வந்ததுதான்.

பிறகு மதராஸிலிருந்து தமிழில் வந்தன. எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகள் வருவதை அரசாங்கம் நிறுத்தியதும் அவையும் நின்றன. அந்த நாட்களில் நான் துறைமுகத்துக்கு அருகில் ஒரு கப்பல் ஏஜென்சிக் கந்தோரில் கிளாக்கர். மரியதாஸ் அண்ணை ஜெட்டியில் சரக்குத் தூக்கும் வின்ச் இயக்குபவர். அவரிடம் ஒரு பெட்டி நிறையத் தமிழ்க் கொமிக்ஸ் இருந்தது. புதியது எதுவும் வராததால் பழையதையே புதிதுபோல எனக்குச் சிபாரிசு செய்வார். "தம்பி, ஒரு புத்தகம் இருக்கு, நீர் வாசிச்சே இருக்கமாட்டீர்." நான் ஏழு தரம் வாசித்தது. "அப்பிடியோ அண்ணை, தாங்கோ" என்று வாங்கிப் போவேன். அவருக்கும் தெரியும். வேறு என்ன செய்வது?

பியதாச வந்தது அந்த வறட்சியில். தெற்கில் கடலோர ஊர் ஒன்றைச் சேர்ந்தவர், துறைமுகப் பட்டறையில் வெல்டிங் வேலை. தமிழை ஜெட்டியில் நின்று கற்றவர். ஒரு மத்தியானம் நாங்கள் இருவரும் துருப்பிடித்த பழைய நங்கூரத்தில் உட்கார்ந்து பெட்டிக்குள் இருந்த புத்தகமொன்றைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருக்க, அவர் வந்து எட்டிப் பார்த்தார். அடுத்த புதன்கிழமை தன் பேப்பரோடு வந்தார்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. காலை ரயிலில், எங்கள் பேச்சில் கோச்சியில், பேப்பர் வரும். பத்து மணித் தேநீருக்குள் பியதாச வாசித்து முடித்துவிடுவார். மத்தியானம் பேப்பரைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு வந்தால் கதை திறம் என்று பொருள். வெறுங்கையோடு வந்தால், "இந்தக் கிழமை நல்ல கதை இல்லை, மச்சான். வேணாம்." என் டயரியில் அப்படியான புதன்கிழமைகள் பல இருக்கின்றன.

சொல்லும்போது அடுத்த கட்டத்தைக் கையால் மறைத்துக்கொள்வார். தீப்பொறி பட்டுப் பட்டு மரத்த கை. முதலில் படத்தைப் பார்க்க விடுவார், பிறகு பேச்சைச் சொல்லுவார். தமிழ்ச் சொல் வராமல் நின்றால் நாங்கள் எடுத்துக் கொடுப்போம். "சதி." "துரோகி." "மாறுவேசம்." அரண்மனைச் சேவகனும் கொழும்புத் துப்பறிவாளனும் ஒரே ஜெட்டித் தமிழில்தான் பேசினார்கள். "ராசா சொல்றான், டேய், கெதியா வா, லேட்டாப் போச்சு."

ஆனால் நடுவில் இரண்டு பக்கங்களை மட்டும் மடித்து இரும்புக் கிளிப் ஒன்றால் பூட்டி வைத்திருப்பார். மரியதாஸ் அண்ணை விடுவாரா? "என்ன, பொம்பிளைப் படமோ? நாங்களும் கலியாணம் முடிச்ச ஆக்கள்தான், காட்டும்." நான் அப்போது முடித்திருக்கவில்லை, அதையும் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு நாள் பறித்தே விட்டார். கிளிப்பைக் கழற்றினால் உள்ளே யானைகள், தீவட்டிகள், கோட்டை மதிலில் ஒரு ராசா. அந்தப் பேப்பரிலேயே அழகாக வரைந்த பக்கங்கள்.

"இதையோ மறைச்சனீர்? இதுதான் எல்லாத்திலும் திறம்."

பியதாச கிளிப்பைத் திரும்ப வாங்கினார். வேர்வையைத் துடைத்தார். "இது பழைய காலத்துச் சண்டை. உங்களுக்குப் பிடிக்காது."

"சண்டை பிடிக்காதவன் கொமிக்ஸ் வாசிப்பானோ? சொல்லும்."

சொன்னார். கடற்கொள்ளைக்காரர் வந்து ஊரை எரிக்கிறார்கள். ராசா அவர்களைத் துரத்துகிறார். அன்றிலிருந்து எங்களுக்கு அந்தக் கதைதான் முதலில் வேண்டும். மரியதாஸ் அண்ணை ராசாவின் ஆள். ஜெட்டி முழுவதும் ராசாவின் புகழ் பாடினார்; தோப்பூரிலிருந்து நெல் மூட்டையோடு வரும் லொறிக்காரரையும் விடவில்லை. "பியதாசவிட்டக் கேளும், அப்பிடி ஒரு கதை உம்மட வாழ்க்கையில கேட்டிருக்கமாட்டீர்." அப்போதெல்லாம் பியதாச தேநீர்க் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருப்பார். கூச்சம் என்று நான் எண்ணினேன்.

இனி அந்தப் புதன்கிழமை.

திரேசம்மா அக்கா கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் இருந்தார். வயிற்றில் சத்திரசிகிச்சை. கணவர் உடனே வர வேண்டும் என்று தந்தி வந்திருந்தது. தேர்தல் முடிந்திருந்தது, வழியில் தமிழரை அடிக்கிறார்கள் என்ற கதையை லொறிக்காரர்கள் கொண்டுவரத் தொடங்கியிருந்தார்கள். ஜெட்டித் தேநீர்க்கடைக்காரர் போக வேண்டாம் என்றார்.

"அவ தனியக் கிடக்கிறா," என்றார் மரியதாஸ் அண்ணை. "பின்னேரக் கோச்சியில போறன்."

பியதாச இடுப்பிலிருந்து பேப்பரை எடுத்து அவர் கையில் வைத்தார். "கோச்சியில இதைப் பிடிச்சுக்கொண்டு இருங்கோ."

"எனக்கு ஒரு எழுத்தும் தெரியாதே."

"அதுதான் இது. நியூஸ் பேப்பர் தந்தா நீங்கள் தலைகீழாப் பிடிப்பீங்கள். இதில மனுசன்ர தலை மேல இருக்கும்."

நாங்கள் இருவரும் சிரித்தோம். பியதாச சிரிக்கவில்லை. நங்கூரத்தில் அவரை உட்கார வைத்துப் பக்கம் பக்கமாகப் பழக்கினார்.

"மூண்டாம் பக்கம் பகிடி. அங்க சிரிக்கவேணும். சத்தமா வேணாம். மூக்கால."

மரியதாஸ் அண்ணை செய்து காட்டினார். "இப்பிடியோ?"

"அது தும்மல், மச்சான். இன்னொருக்கா."

நாலும் ஐந்தும் மெதுவாக. ஆறாம் பக்கம் காதல். கலியாணம் முடித்த ஆள் கெதியாகத் திருப்பலாம். ஏழாம் பக்கத்துக்கு வந்ததும் பியதாச கடலைப் பார்த்தார். உள்துறைமுகத்தில் ஒரு கோதுமைக் கப்பல் நின்றது.

"ஏழில கனநேரம் நில்லுங்கோ. எல்லாரும் அதிலதான் நிப்பினம். சந்தோசமாப் பாருங்கோ."

"அதில ராசாதானே வெல்லுறார்? பிறகென்ன, சந்தோசம்தான். அவங்களுக்கு இன்னும் நாலு குடுக்கவேணும்."

"ஓம்," என்றார் பியதாச.

"ஆராவது கதைச்சா?" என்று நான் கேட்டேன். மரியதாஸ் அண்ணைக்கு ஜெட்டிச் சிங்களம் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும்.

"கதைக்கமாட்டினம். கொமிக்ஸ் வாசிக்கிற ஆளோட ஆர் கதைக்கிறது?"

அதை நாங்கள் மூவரும் ஏற்றுக்கொண்டோம். யாராவது கையில் கொமிக்ஸ் கண்டால் தெரியாதவனையும் நிறுத்தி, எப்படி இருக்கு, எந்த இடத்தில் நிற்கிறீர், போன கிழமையதைப் பார்த்தீரா என்று கேட்காமல் விட்டதில்லை நாங்கள். எங்கள் மூவருக்கும் அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை.

அந்தக் கோச்சி கொழும்புக்குப் போய்ச் சேரவில்லை. இடையில் ஒரு நிலையத்தில் மறித்து ஆட்களை இறக்கினார்கள். திரேசம்மா அக்காவுக்குச் சத்திரசிகிச்சை நடந்தபோது பக்கத்தில் யாருமில்லை. பிழைத்துக்கொண்டார், கணவருக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார். மரியதாஸ் அண்ணை அகதி முகாம் ஒன்றிலிருந்து வவுனியா வழியாகப் பல நாள் கழித்து வந்து சேர்ந்தார். தாடையில் கட்டு. இடக்காது அதற்குப் பிறகு கேட்கவேயில்லை. சட்டைக்குள் பேப்பர் இருந்தது.

என்னிடம் ஒரு தடவைதான் பேசினார். "பக்கத்தில இருந்தவன் கேட்டான் தம்பி, போன கிழமையான் பேப்பர் வாசிச்சனீரோ எண்டு. ஏழாம் பக்கத்தைத் தொட்டுக் காட்டி, கதை முழுக்கச் சொன்னான். ஆசையாச் சொன்னான்."

"பிறகு?"

"பிறகென்ன."

அவர் வேலைக்குத் திரும்பிய முதல் புதன்கிழமை பியதாச பேப்பரை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். வரும்போதே தாடையைப் பார்த்துவிட்டு நடை தளர்ந்தது. மரியதாஸ் அண்ணை வின்சிலிருந்து இறங்கவில்லை.

"இந்தக் கிழமை நல்ல கதை இல்லை, மச்சான். வேணாம்."

அண்ணை மேலே இருந்தபடி கோபமில்லாமல்தான் சொன்னார். எனக்கு விளங்கவில்லை, காது போன வெறுப்பில் சொல்கிறார் என்று நினைத்தேன். பியதாசவுக்கு விளங்கியது. பேப்பரை எடுத்து இன்னும் இறுக்கிச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் போனார். சில மாதங்களில் மாற்றம் கேட்டுத் தெற்குக்கே போய்விட்டார். விலாசம் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பிஸ்கட் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று என் மகளிடம் ஏழாம் பக்கத்தைக் கொடுத்தேன். அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்துக்காகச் சிங்களம் படித்தவள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாசித்தாள். பிறகு மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.

"அப்பா, இதில கடற்கொள்ளைக்காரர் எண்டு ஒருத்தரும் இல்லையே."

"அப்ப அவங்கள் ஆர்?"

"தமிழர் எண்டுதான் போட்டிருக்கு. ஒருத்தனையும் உயிரோட திரும்ப விடாதீங்கோ எண்டு ராசா சொல்லுறார்."

பேப்பரை மடித்து என் பக்கம் தள்ளிவிட்டுக் குசினிக்குள் போனாள்.

அத்தனை புதன்கிழமைகளும் அந்த மனிதர் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சொல்லை விழுங்கிவிட்டு வேறொன்றை வைத்திருக்கிறார். தமிழ் வராமல் திணறுகிறார் என்று எண்ணி, "துரோகி", "சதி" என்று நாங்கள் எடுத்துக் கொடுத்திருக்கிறோம். நல்ல கதை இல்லை என்று வெறுங்கையோடு வந்த கிழமைகளில் எதை மாற்றியும் சொல்ல முடியாமல் போயிருக்க வேண்டும். மரியதாஸ் அண்ணைக்கு இதெல்லாம் கோச்சியிலேயே தெரிந்துவிட்டது. எனக்கு மூலை கிழிந்த பேப்பரும் மகளும் வேண்டியிருந்தது.

அந்தப் பேப்பர் நின்றுபோய் எவ்வளவோ காலம். தேநீர்க்கடை இருந்த இடத்தில் முட்கம்பி வேலி. நங்கூரத்தை யாரோ இரும்புக்கு வெட்டிக்கொண்டு போனார்கள். மரியதாஸ் அண்ணையின் தமிழ்க் கொமிக்ஸ் பெட்டி எண்பத்து மூன்றுக் கலவரத்தில் வீட்டோடு எரிந்தது. சட்டைக்குள் வந்த இந்த ஒன்றை மட்டும் திரேசம்மா அக்கா எப்படியோ எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். புதன்கிழமைகளில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று என்னைக் கேட்க இப்போது ஒருவருமில்லை.

ஒரு விடயம் மீதி இருக்கிறது. பக்கத்து ஆசனத்தில் இருந்த அந்த வாசகர் கதை சொல்லி முடித்த பிறகு, பதில் வராததைக் கண்டு, என்ன செய்தார்? மரியதாஸ் அண்ணையை ஆசனத்துக்குக் கீழே தள்ளித் தன் பையை முன்னால் வைத்து மறைத்தார் என்று திரேசம்மா அக்கா ஒருமுறை சொன்னார். எழுந்து நின்று அடிக்க வந்தவர்களைக் கூப்பிட்டது அந்த ஆளேதான் என்று மரியதாஸ் அண்ணையின் தம்பி சொல்லுவார். இருவருமே பிறர் வாயால் கேட்டவர்கள். இரண்டில் எது நடந்தது என்பதை இந்த நாள் வரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.