எந்த வார்த்தையில் சொல்வது

எழுபதுகளில் செகந்திராபாத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலையில் இருந்தேன். கர்ப்பிணிகளுக்கு, உடலுறவால் தொற்றும் சிபிலிஸ் என்கிற மேகநோய் இருக்கிறதா என்றும் பார்ப்போம். ஒரு நாள், மௌலா அலியிலிருந்து வந்த ரயில்வே தொழிலாளியின் மனைவிக்கு அது இருப்பது தெரிந்தது. அவளுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். தெலுங்குக்கார டாக்டரம்மா தமிழ் தெரிந்த என்னைக் கூப்பிட்டு, "புருஷனும் வந்து ஊசி போட்டுக்கணும்னு சொல்லு" என்றார்.

எனக்குக் கல்யாணமாகவில்லை. இதை எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை.

"ரத்தத்துல ஒரு கிருமி இருக்குக்கா. ஊசி போட்டா சரியாயிடும். அண்ணனும் வரணும்."

"அவருக்கு எதுக்கு ஊசி?"

"ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்கு ஒட்டிக்கும்."

அவள் என்னையே பார்த்தாள். "எனக்கு அவர விட்டா யாரு இருக்கா?"



மறுநாள் இருவரும் வந்தார்கள். அவள் புருஷன் என்னிடம் தனியாக, "யாருக்கு முதல்ல வந்துச்சும்மா?" என்று கேட்டார். டாக்டரம்மாவிடம் ஓடினேன். "பரிசோதனையில அது தெரியாது. ரெண்டு பேரையும் குணப்படுத்துறதுதான் நம்ம வேலை" என்றார். அப்படியே போய்ச் சொன்னேன். அவர் முகத்தில் வந்தது நிம்மதியா, வெட்கமா, எனக்குப் புரியவில்லை. இருவரும் ஊசி போட்டுக்கொண்டார்கள்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அவளே தூக்கிவந்து காட்டினாள். தனியாகத்தான் வந்திருந்தாள். அவரைப் பற்றிக் கேட்கலாமா கூடாதா என்று குழம்பி, குழந்தை எத்தனை கிலோ என்று மட்டும் கேட்டேன்.