மூடுகிற சத்தம்

தாம்பரத்தில் புறப்படக் காத்திருக்கும் மின்சார ரயில் அவ்வப்போது ஒரு பெருமூச்சு விடும். சக்கரங்களுக்கு நடுவே எங்கிருந்தோ, அடைத்து வைத்த காற்றெல்லாம் ஒரே வாயில் வெளியேறுகிற மாதிரி, ஸ்ஸ்ஸ்ஸ் என்று. அப்போது என் கை தானாகப் போய் மடியைத் தொட்டுப் பார்க்கும், புடவை நனைந்திருக்கிறதா என்று. நனைந்திருக்காது. நனைக்க மடியில் யாரும் இல்லை. ஒரு கைப்பை, ஒரு தண்ணீர் பாட்டில், மடித்த குடை. எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் நான் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். அதுவும் பொய்யில்லை.

எனக்கு இந்த ரயிலில் போக வேண்டிய வேலை எதுவும் இப்போது இல்லை. எழும்பூர் அலுவலகத்திலிருந்து ஓய்வு வாங்கியாயிற்று. ஆனாலும் சில காலைகளில் வீடு தன் நான்கு சுவரையும் என் பக்கமாக நகர்த்திக்கொண்டு வருகிறது. கிளம்பி வந்து ஏறிவிடுகிறேன். கடற்கரை நிலையம்வரை போவேன். இறங்காமல் அதே பெட்டியில் திரும்பி வருவேன்.

போன வாரம் எங்கள் மாடியில் பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக அதே சத்தம் கேட்டது. அங்கே ஓர் இளம் தம்பதி. அவள் சிறுசேரியில் மென்பொருள் வேலை, இப்போது கைக்குழந்தையோடு வீட்டிலிருந்தே. ஸ்ஸ்ஸ்ஸ், கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஸ்ஸ்ஸ்ஸ். துணி காயப்போடும்போது பார்த்துச் சிரித்தாள். "சத்தம் டிஸ்டர்ப் பண்ணுதா ஆன்ட்டி? பாப்பாவுக்கு டயப்பர் இல்லாம பழக்குறோம். எலிமினேஷன் கம்யூனிகேஷன்னு பேரு. குழந்தை குடுக்குற சிக்னல நாம படிக்கணும். இப்ப எல்லாரும் பண்றாங்க." "அப்படியா" என்றேன். அவ்வளவு பெரிய பெயர் இருக்கும் என்று என் கணவருக்குத் தெரிந்திருந்தால், அதைத் தொழிற்சாலை அடையாள அட்டைபோலக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவை ஒரு சுற்று வந்திருப்பார்.

அவர் மறைமலை நகரில் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஓர் இடத்தில் இருந்தார். எங்கள் பெண் பிறந்த இரண்டாம் மாதம் அவருடைய பிரிவை மூடிவிட்டார்கள். என் பேறுகால விடுப்பு முடிய, நான் ரயிலேற, அவர் வீட்டில் தங்கினார். திட்டம் போட்டு அல்ல. வாசலில் ஒருவர் வெளியே போனால் இன்னொருவர் உள்ளே நிற்க வேண்டும், அவ்வளவுதான். அலுவலகத் தோழிகள் கடையில் விற்கும் டயப்பர் போடச் சொன்னார்கள். போட்டோம். பாப்பாவின் தொடையிடுக்கு செம்பருத்தி மாதிரி சிவந்துவிட்டது. அவர் அதைக் கழற்றி, கையில் எடை பார்த்து, "இது இன்னாம்மா, லீக் ஆவுற பைப்புக்குத் துணி சுத்தன மாதிரி? எப்ப தொறக்கும்னு தெரிஞ்சிக்கினா துணியே வேணாமே" என்றார். அன்றிலிருந்து பாப்பாவைப் பார்க்க ஆரம்பித்தார்.

பார்ப்பது என்றால் நாமெல்லாம் குழந்தையைப் பார்க்கிற மாதிரி அல்ல. ஓடுகிற இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு, அது எப்போது ஒரு கணம் குரல் மாற்றும் என்று காத்திருப்பவனின் பார்வை. மாற்றியது. கையைக் காலை உதைத்துக்கொண்டிருப்பவள் சட்டென்று அடங்கிப்போவாள். கண், அறையின் ஏதோ ஒரு மூலைக்குப் போய்த் தங்கும். மேலுதட்டின் மேல் மட்டும் ஒரு வரி வியர்க்கும். "பாத்தியா, கிளம்பிட்டா" என்பார். தூக்கிக்கொண்டு போய்க் குளியலறை வாசலில் பலகையில் உட்கார்ந்து, கால்களை நீட்டி, இரண்டு பாதங்களுக்கு நடுவில் அவளைச் சாய்வாக உட்கார்த்தி வைப்பார். எல்லா வீட்டிலும் பெண்கள் செய்வதுதான். ஆனால் எல்லா வீட்டுச் சத்தமும் அல்ல அவருடையது. தொழிற்சாலையில் செய்த பாகத்தில் ஒட்டியிருக்கும் இரும்புத் தூளை ஊதித் தள்ள ஏர் கன் என்று ஒன்று உண்டாம். விசையை அழுத்தினால் காற்று சீறும். விட்டால் டக் என்று நின்றுவிடும். அவர் உதடு அதை அப்படியே செய்யும். நீளமாய், ஒரே அழுத்தத்தில் ஸ்ஸ்ஸ்ஸ். பாப்பா போய் முடித்ததும் நாக்கை மேலண்ணத்தில் தட்டி, டக்.

அந்த டக் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "தொறந்தா மூடணும்மா. மூடாம வுட்டா கம்ப்ரசர்ல காத்து பூரா காலியாயிடும். முடிஞ்சிதுன்னு அவளுக்கும் தெரியணும் இல்ல?" என்றார், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

தெருமுனை டீக்கடையில் அவருடைய பழைய சிநேகிதர்கள் சும்மா விடவில்லை. "இன்னா மச்சான், மிசின் ஓட்டன கையி, இப்ப மூத்திரம் ஓட்டிக்கினு கீது?" என்று ஒருவர் இழுத்தாராம். "அதுவும் லைன்தான்டா. பிரஷர் பாத்துத்தான் தொறக்கணும். உன்னால முடியாது, நீ வாயவே மூட மாட்ட" என்று சொல்லிவிட்டு வந்ததாக என்னிடம் சிரித்தார். சிரித்த பிறகு வெகுநேரம் ஜன்னலில் நின்றார். ஜி.எஸ்.டி. ரோட்டில் தொழிற்சாலைப் பேருந்துகள் மறைமலை நகர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் முயல்வேன். அதே பலகை, அதே நீட்டிய கால்கள். பாப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டு அசையாமல் இருப்பாள், விருந்தாளியிடம் எதுவும் கேட்டு வாங்கக் கூசுகிற குழந்தை மாதிரி. தூக்கித் தோளில் போட்டதும் தோள் நனையும். "அவ உன்ன நம்பாம இல்லம்மா. நீ எட்டு மணி வண்டியப் புடிக்கிற மாதிரி அவளப் புடிக்கிற. வண்டி போவட்டும், அடுத்தது வரும்" என்பார் பின்னாலிருந்து. எனக்கு அடுத்த வண்டி வரவேயில்லை. நான் மாலையில் களைத்து வந்து செருப்பைக் கழற்றும்போது உள்ளே இருவர் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் காற்றால், மற்றவர் நீரால். அந்தப் பேச்சில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. வீட்டுச் சாவி என் பையில் இருந்தது. வீடு அவர்கள் இருவரிடமும் இருந்தது.

பாப்பாவுக்குப் பத்து மாதம் இருக்கும், கடல் காட்டலாம் என்று ஒரு ஞாயிறு மூவரும் ரயிலேறினோம். பந்தோபஸ்தாக அவளைப் போகவைத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தோம். சானடோரியம் நிலையத்தில் வண்டி நின்று ஸ்ஸ்ஸ்ஸ் என்று மூச்சு விட்டது. பாப்பா அடங்கினாள், கண் மூலைக்குப் போனது, அவர் மடி நனைந்தது. "வண்டி சொல்லிச்சு, அவ கேட்டா" என்றார். குரோம்பேட்டையில் மறுபடி ஸ்ஸ்ஸ்ஸ், இந்தத் தடவை என் மடி. பல்லாவரத்திலும் விடாமல் சொட்டினாள். எதிரில், விற்று முடித்த மீன் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "இன்னாப்பா, உன் பொண்ணு ஸ்டேசனுக்கு ஸ்டேசன் கையெழுத்து போட்டுகினு வருது! பீச்சு போறதுக்குள்ள கடலே ரொம்பிடும் போல கீது" என்றாள். பெட்டி முழுக்கச் சிரிப்பு. அவர் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். பிறகு பாப்பாவின் காதருகே குனிந்து நாக்கைத் தட்டினார். டக். சொட்டுவது நின்றது, குழாயை மூடியதுபோல. "ரயில்காரன் தொறந்து வுட்டுட்டான்க்கா, மூடல. அதான் பேஜாரு" என்று மீன்காரம்மாவிடம் விளக்கினார். ஈரப் புடவையோடு நான் அந்த முகத்தைப் பார்த்தேன். வேலை போனபிறகு, தன் தொழிலைப் பற்றி ஒருவரிடம் அவர் தலைநிமிர்ந்து பேசியது அதுதான் முதல்தடவை.

பாப்பா நடப்பதற்கு முன்பே துணி நனைப்பதை நிறுத்தினாள். அவருக்கு வேறு வேலை கிடைத்தது, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு சின்ன பட்டறை. ஸ்ஸ்ஸும் டக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஓசையில்லாமல் போய்விட்டன. பெண் வளர்ந்தாள், படித்தாள், புனேயில் வேலைக்குப் போனாள். அவளிடம் இதைச் சொன்னால் முகம் சுளித்துச் சிரிப்பாள்: "ஐயோ அம்மா, அதையெல்லாம் போய் ஞாபகம் வெச்சிருக்கியே!" அவளுக்கு ஒரு துளியும் நினைவில்லை. உடம்போடு ஒட்டிக் கற்றதைக் கற்றுக்கொடுத்த முகத்தோடு யாரும் நினைவு வைத்திருப்பதில்லை. நிற்கத் தெரியும், விழுங்கத் தெரியும், அடக்கத் தெரியும். யார் கையில் என்று தெரியாது.

பல வருடம் கழித்து, நான் ஓய்வு வாங்கியிருந்த சமயம், அவர் ஒரு நாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நின்றார். பக்கவாதம். வலது பக்கம் போயிற்று. பேச்சு முழுக்கப் போயிற்று. மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது அங்கிருந்த சிஸ்டர் கட்டுக்கட்டாகப் பெரியவர்களுக்கான டயப்பரைக் கொடுத்து, "இத்தப் போட்டுடுங்கம்மா, உங்களுக்குப் பேஜாரே இல்ல" என்றார். அன்பாகத்தான் சொன்னார். வீட்டில் போட்டுவிட்ட பத்தாவது நிமிடம் அவர் இடது கையால் அதன் ஒட்டுப்பட்டையைப் பிய்த்தார். மறுபடி போட்டேன், மறுபடி பிய்த்தார். பஞ்சு படுக்கையெல்லாம் சிதறியது. அவர் கண்ணிலிருந்து நீர் பக்கவாட்டில் ஓடிக் காதுக்குள் போனது. புனேயிலிருந்து வந்திருந்த பெண் என்னைச் சமையலறைக்கு இழுத்தாள். "அம்மா, அப்பாவுக்கு ஒண்ணும் தெரியல. டயப்பர் இல்லாம நீ தனியா எப்படிச் சமாளிப்ப? கையக் கட்டி வெக்கலாம்னு சிஸ்டர் சொன்னாங்க." எனக்குத் தெரிந்தது, அவருக்கு எல்லாம் தெரிகிறது என்று. வருவது தெரிகிறது. சொல்ல வழிதான் இல்லை. "ஒரு வாரம் குடு" என்றேன். அந்த ஒரு வாரத்தில் எனக்கு அந்தப் பாஷை வராவிட்டால் அவர் கை கட்டப்படும்.

நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். முதல் நாட்கள் எல்லாம் தோல்வி. விரிப்பு, மறுபடி விரிப்பு, வாளி, வெயிலில் காயும் விரிப்பு. எட்டு மணி வண்டியைப் பிடிக்கிற மாதிரி நான் மறுபடியும் துரத்திக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு முற்பகல், வெங்காயம் உரித்துக்கொண்டு, எதையும் பிடிக்கிற எண்ணமில்லாமல் நிமிர்ந்தேன். அவர் அடங்கியிருந்தார். கண், மின்விசிறியைத் தாண்டி அறையின் மூலையில் போய்த் தங்கியிருந்தது. நரைத்த மீசைக்கு மேல் ஒரு வரி வியர்வை. கிளம்பிட்டார்.

பாத்திரத்தை வைத்துப் பிடித்தேன். வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், அந்த வயதில் புருஷனுக்கு முத்தம் கொடுக்கக் கூசுகிறவளைப்போல வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு, உதட்டைக் குவித்தேன். ஸ்ஸ்ஸ்ஸ். அவர் கண் மூலையிலிருந்து திரும்பி என்னிடம் வந்தது. அதில் முதலில் வியப்பு, பிறகு குறும்பு. வந்தது. நான் நிறுத்தத் தெரியாமல் ஊதிக்கொண்டேயிருந்தேன். அவருக்கு முடிந்துபோயும் ஊதினேன். அப்போது அசையாத அந்த வாய்க்குள் நாக்கு மெல்லப் புரண்டு மேலே தட்டியது.

டக்.

மூடச் சொல்கிறார். வாயின் ஒரு பாதி மட்டும் சிரித்தது. பேச்சுப் போனபிறகு அவர் சொன்ன முதல் சொல் அது. கடைசிவரை அவரிடம் இருந்த ஒரே சொல்லும் அதுதான். பெண் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். டயப்பர் கட்டுகளை எடுத்துப் பரண்மேல் வைத்தாள். இரண்டு நாளில் ஊருக்குக் கிளம்பினாள்.

அந்த மழைக்காலத்திலிருந்து மாம்பழக்காலம்வரை நாங்கள் அப்படித்தான் பேசிக்கொண்டோம். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவரோடு அவ்வளவு பேசியதில்லை. நான் திறந்தேன், அவர் மூடினார். இட்லி போதும் என்றால் டக். விளக்கை அணைக்க டக். தொலைபேசியில் பெண் பேசி முடித்தால் டக். வெளியே நின்றிருந்தவளை உள்ளே விட்டு அந்த வீடு கதவைச் சாத்திக்கொண்டது. ஒரு மத்தியானம் அவர் கண் மூலைக்குப் போனது. நான் பாத்திரத்தோடு போய் ஸ்ஸ்ஸ்ஸ் என்றேன். காத்திருந்தேன். அவசரமே படவில்லை. மூச்சு தீர்ந்து மறுபடி இழுத்து மறுபடி ஊதினேன். டக் வரவில்லை. கண் மூலையிலேயே இருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண் நேற்று மறுபடி சொன்னாள்: "போறா ஆன்ட்டி, ஆனா முடிச்சாளா இல்லையான்னுதான் தெரியல." என் நாக்கு மேலண்ணம்வரை போயிற்று. "பழகிடும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். கொடுக்க மனமில்லாமல் அல்ல. சொல்லிக்கொடுத்தால் சுவர் வழியாக ஒரு டக் கேட்கும், அது அவருடையதாக இருக்காதே என்று.

இன்று காலை பெட்டியில் கூட்டமில்லை. மின்விசிறிகள் யாருக்கோ சுற்றிக்கொண்டிருந்தன. வண்டி புறப்படும் முன் மூச்சு விட்டது, ஸ்ஸ்ஸ்ஸ். கை மடிக்குப் போனது. உலர்ந்த புடவை. காற்று தேய்ந்து தேய்ந்து நடைமேடைக்கு அடியில் எங்கோ கரைந்துகொண்டிருந்தது. இத்தனை வருடமாக ரயில்காரன் திறந்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறான். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, நாக்கை மேலே தட்டினேன்.

டக்.

வண்டி நகர்ந்தது.